2.34 லட்சம் கி.மீ. ஓடிய 1.3 டீசல்: ஏற்றத்தில் டிக் டிக் சத்தம், ஹெட்டைக் கழட்டச் சொல்றாங்க

அரவேனு_டீசல்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேனுவிலிருந்து எழுதுறேன். வீட்டு வண்டி 2012 மாடல் 1.3 டீசல் ஹேட்ச்பேக். மீட்டர் 2,34,000 காட்டுது. மாசம் நாலஞ்சு தடவை மேட்டுப்பாளையம், கோயமுத்தூர். மத்தபடி தோட்டத்து ரோடும் கோத்தகிரி டவுனும்தான்.

ஒன்றரை மாசமா இன்ஜின்ல ஒரு டிக் டிக் சத்தம். தையல் மெஷினை மெதுவா மிதிச்சா எப்படிக் கேக்கும், அப்படி. ஒவ்வொரு அடியும் தனித்தனியா எண்ணலாம். காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே வருது. ஆக்சிலரேட்டர் கொடுத்தா கூடவே வேகமாகுது. குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி ஏறும்போது ரொம்ப அதிகம்.

கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் கேட்டார். "டேப்பெட் போச்சு. செட்டிங் பண்ணிப் பார்க்கலாம், நிக்கலைன்னா ஹெட்டைக் கழட்டணும், 45,000 வரும்"னு சொல்லிட்டார். டேப்பெட்னா வால்வைத் திறந்து மூடற இடத்துல இருக்கிற பாகமாம், ஹெட்னா இன்ஜினோட மேல் பகுதி. அதுவரைக்கும் கெட்டி ஆயில் ஓடட்டும்னு 20டபிள்யூ-50 ஊத்தி அனுப்பினார். சத்தம் நிக்கலை, காலை நேரத்துல இன்னும் மோசம்.

பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில 45,000 எங்களுக்குப் பெரிய தொகை. பண்ணித்தான் ஆகணும்னா பண்ணிடுவேன். அதுதான் வியாதின்னு உறுதியாத் தெரியணும்.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

தம்பி, ஹெட்டுல கை வைக்க விடாதீங்க. இருபத்தாறு வருஷமா டீசல் வேலை பார்க்கிறேன், அதனால சொல்றேன்.

உங்க இன்ஜின் ஃபியட் 1.3 மல்டிஜெட் குடும்பம். 1248 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு, டைமிங் செயின். நம்ம ஊர்ல மூணு நாலு கம்பெனி வண்டியில இதே இன்ஜின் ஓடினது. இதுல இருக்கிறது ஹைட்ராலிக் டேப்பெட். உள்ளே ஆயில் பிரஷர் நிறைஞ்சு, வால்வுக்கும் அதைத் திறக்கிற கேமுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அதுவே எடுத்துக்கும். ஸ்க்ரூ கிடையாது, இடைவெளியை அளக்கிற மெல்லிசான தகடு, ஃபீலர் கேஜ், அதை நுழைக்க இடமும் கிடையாது. "செட்டிங் பண்ணலாம்"னு ஒருத்தர் சொன்னா அவர் இந்த இன்ஜினைத் திறந்து பார்த்ததில்லைன்னு அர்த்தம்.

ஹைட்ராலிக் டேப்பெட்டும் சத்தம் போடும்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. ஆயில் அளவு எவ்வளவு? ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது) பத்து நொடிக்கு எத்தனை டிக்? கடைசியா இன்ஜின்ல என்ன வேலை நடந்தது?

லவ்டேல்_ஓய்வு

ஆயில் அளவு பற்றி ஒரு வார்த்தை. நம் மலையில் வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் சரிவுதான். வாசலில் முன்சக்கரம் மேலேறி நிற்கும், அப்படியே டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு "ஆயில் இருக்கு" என்போம். இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது குச்சி இருக்கும் பக்கத்தைப் பொறுத்து அளவு கூடவோ குறையவோ காட்டும். என் வண்டியையே வீட்டு வாசலில் பார்த்தால் ஒரு அளவு, ஊருக்குள் சமதளத்தில் பார்த்தால் குச்சியில் ஒரு விரற்கடை குறைவு. இரண்டு வருடம் அந்தத் தவறான அளவை நம்பி ஓட்டியிருக்கிறேன்.

பள்ளி மைதானமோ பஸ் ஸ்டாண்டோ, சமமான இடமாகப் பாருங்கள். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள்.

மசினகுடி_ஜீப்

எனக்குக் கவலையா இருக்கு. தயவுசெய்து அந்த வண்டியை ஏற்றத்துல ஓட்டாதீங்க. நாலு வருஷம் முன்னாடி கல்லட்டி மேல ஏறினேன், 36 கொண்டை ஊசி வளைவு. சில வளைவுல மட்டும் ஆயில் லைட் ஒரு நொடி மின்னி அணைஞ்சது. வயரிங் கோளாறுன்னு நினைச்சேன். உண்மையில ஆயில் குறைஞ்சிருந்தது. வண்டி திரும்பிச் சாயும்போது ஆயில் ஒதுங்கி, பம்ப் காத்தை உறிஞ்சியிருக்கு. சத்தமும் இருந்தது, டேப்பெட்டுன்னு விட்டுட்டேன். மேலே போறதுக்குள்ள டொக் டொக்குன்னு மாறி, கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோட இணைக்கிற தண்டு) பேரிங் போய், கிராங்க்கும் போச்சு. அந்த இன்ஜினை மறுபடி ஓட்ட முடியலை.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

ஜீப் நண்பர் சொன்னது ரொம்ப முக்கியம். எந்த வண்டியா இருந்தாலும் வளைவுல ஆயில் லைட் மின்னினா அந்த இடத்துலயே ஓரம் கட்டிடணும்.

ராட் பேரிங் சத்தம் டிக் இல்ல, டொக். கனமா, கீழே சம்ப் பக்கமிருந்து வரும். நிக்கிற வண்டியில 2,000 ஆர்பிஎம் வரைக்கும் கொடுத்துட்டு டக்குனு காலை எடுத்தா அந்த இறங்கற நேரத்துல நல்லாக் கேக்கும். இன்னொரு வித்தியாசமும் இருக்கு, அதுக்குத்தான் எண்ணச் சொன்னேன். இன்ஜினோட முக்கியத் தண்டான கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா, வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் ஒரு சுத்து. ஐடில் 800ன்னு வைங்க. வால்வு நிமிஷத்துக்கு 400 தடவைதான் திறக்கும், பத்து நொடிக்கு 66, 67. ராட் அடிச்சா சுத்துக்கு ஒண்ணு, பத்து நொடிக்கு 133. காதால எண்ண முடியாது. மொபைல்ல பதிஞ்சு, பாதி வேகத்துல ஓட விட்டு எண்ணுங்க.

அரவேனு_டீசல்

ரெண்டையும் பார்த்துட்டேன். இன்னைக்கு லீவு, பள்ளிக்கூட கிரவுண்டுல நிறுத்திப் பார்த்தேன். ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, மேல் கோட்டுக்குப் பக்கமா இருக்கு. லைட் ஒரு தடவைகூட மின்னினதில்ல. வளைவுல தனியா கவனிச்சும் பார்த்துட்டேன்.

ஐடில் 800. மூணு தடவை எண்ணினேன்: 66, 67, 66.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

ராட் இல்ல. நிம்மதியாத் தூங்குங்க.

ஆனா இதை வச்சு டேப்பெட்டுன்னு முடிவு கட்ட முடியாது. ஒரு சிலிண்டருக்கு டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரும் கிராங்க் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும். புகை வெளியேறுற மேனிஃபோல்டோட கேஸ்கெட்ல ஒரு சிலிண்டர் பக்கம் லீக் ஆனாலும் அதே தாளம். இன்ஜெக்டர் அடியில இருக்கிற காப்பர் வாஷர் லீக் ஆனாலும் அதே 66. நாலுக்கும் ஒரே தாளம். அரை நிமிஷம் நின்னு கேட்டா எல்லாமே டேப்பெட் மாதிரிதான் இருக்கும்.

தாளம் பிரிச்சுக் காட்டாததைப் பாரம் பிரிச்சுக் காட்டும். டேப்பெட்டுக்கு வண்டி ஏறுதா இறங்குதான்னு தெரியாது, சுத்துற வேகத்துக்கு அது பாட்டுக்கு அடிக்கும். லீக் அப்படி இல்ல. உள்ளே வெடிப்பு பலமா நடந்தா சத்தம் பலமா வரும், வெடிப்பு இல்லேன்னா அடங்கிடும்.

கோயமுத்தூர்க்காரனுக்கு இதைச் சோதிக்க வழி கஷ்டம். உங்களுக்கு வாசல்லயே இருக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். ஹீட்டர், ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்திடுங்க. ரெண்டாவது கியர்ல, ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம, கிளட்ச் மிதிக்காம இறங்குங்க. 2,000 ஆர்பிஎம் பக்கம் இருக்கும்போது இன்ஜினோட கம்ப்யூட்டரான இசிஎம் டீசலை முழுசா நிறுத்திடும். இன்ஜின் வெறும் காத்தைத்தான் அமுக்கிட்டு சுத்தும். ரோட்டுக்கு மலைப் பக்கம் தடுப்புச் சுவரோ வெட்டின பாறையோ இருக்கிற இடமாப் பார்த்து, அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்குங்க. சுவர் சத்தத்தை உங்க காதுக்கே திருப்பிக் கொடுக்கும்.

இறக்கத்துலயும் டிக் அதே பலத்துல இருந்தா வால்வு பக்கம் பார்க்கலாம். மங்கிட்டா லீக். நியூட்ரல் போடாதீங்க, இன்ஜினை நிறுத்தாதீங்க. பக்கத்துல யாராவது உட்கார்ந்து கேட்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க.

குன்னூர்_ஆம்னி

அண்ணா, குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட பழைய ஆம்னி, பெட்ரோல், 1,60,000 ஓடியிருக்கு. பேக்கரிக்கு ரொட்டி, வர்க்கி எடுத்துட்டுப் போற வண்டி. ஆறு மாசம் முன்னாடி டிக் டிக்னு இருந்தது. டேப்பெட் டைட் பண்ணினாங்க, சத்தம் சுத்தமாப் போச்சு. ஆனா இப்ப வெலிங்டன் ஏற்றத்துல இழுவை குறைஞ்சிருக்கு, காலைல ஒரு மாதிரி நடுங்குது. இதுவும் ஹைட்ராலிக்கா?

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

இல்லம்மா. அந்த 796 சிசி மூணு சிலிண்டர்ல ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். ஆறு வால்வு. இடைவெளியை இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது பார்க்கறதா, சூட்டுல பார்க்கறதான்னு பொறுத்து அளவு மாறும்.  புத்தகத்துல இருக்கிற அளவைத்தான் வைக்கணும், சத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கக் கூடாது.

நீங்க சொல்றது எனக்குப் பயமா இருக்கு. டேப்பெட் லேசாச் சத்தம் போட்டா தேய்மானம்தான், வண்டி ஓடும். டைட்டா இருந்தா சத்தமே வராது, ஆனா வால்வு முழுசா மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன்னோட சூட்டை இறக்கி வைக்கிறதே மூடி சீட்டுல உட்கார்ற அந்த நேரத்துலதான். உட்காரலைன்னா ஓரம் கருகும், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கற அழுத்தம்) போகும், இழுவை குறையும், காலைல நடுங்கும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே கவரைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டரா கம்ப்ரெஷன் மேல்நிலைக்கு (ரெண்டு வால்வும் மூடியிருக்கிற நிலை) கொண்டுவந்து ஃபீலர் கேஜ் விடச் சொல்லுங்க. தள்ளிப் போடாதீங்கம்மா.

அரவேனு_டீசல்

இறங்கிட்டு வந்தாச்சு. காலைல ஆறரைக்கு அம்மாவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டியிருந்தது. அதே வழியில சோதனையும்.

அம்மாவைத்தான் கேக்கச் சொன்னேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு இடத்துல ரோட்டோரம் பாறையை நேரா வெட்டி விட்டிருக்காங்க, ஈரம் சொட்டிட்டு இருக்கும். அங்கே ரெண்டாவது கியர்ல காலை எடுத்தேன். மூணு நொடி அமைதியா இருந்துட்டு அம்மா, "நின்னுடுச்சேடா"ன்னாங்க. எனக்கும் தெரிஞ்சது. டயர் சத்தம் பாறையில பட்டுத் திரும்புது, இன்ஜின் உறுமலும் திரும்புது, டிக் மட்டும் இல்ல. உன்னிப்பாக் கேட்டா எங்கேயோ துணிக்குள்ள வச்சுத் தட்டின மாதிரி லேசா. அடுத்த சமதளத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்ச உடனே டிக் டிக் டிக். நாலு இடத்துல பார்த்தோம், நாலுலயும் அதேதான். திரும்பி ஏறும்போது மூணாவது கியர்ல மிதிக்க மிதிக்க, டிக் மாறி "சஃப் சஃப்"னு மூச்சு விடற மாதிரி ஆயிடுச்சு.

இன்னொண்ணு. அம்மா ஒரு மாசமா "வண்டிக்குள்ள புகை நாத்தம் வருது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. பனி நேரத்துல கண்ணாடி ஏத்தி ஹீட்டர் போட்டா வரும். முன்னாடி போற லாரின்னு நான் தட்டிக் கழிச்சிட்டேன். இன்னைக்கு முன்னாடி லாரியே இல்ல.

கடைசியா நடந்த வேலை என்னன்னு கேட்டிருந்தீங்க, பதில் சொல்லாம விட்டுட்டேன். எட்டு மாசம் முன்னாடி மைலேஜ் குறையுதுன்னு நாலு இன்ஜெக்டரையும் வெளியே எடுத்து க்ளீன் பண்ணிப் போட்டாங்க. பில்லைத் தேடி எடுத்தேன். கூலி இருக்கு, க்ளீனிங் இருக்கு. வாஷர்னு ஒரு வரிகூட இல்ல.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

பில்லே சொல்லிடுச்சு தம்பி. பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருக்காங்க.

காப்பர் மிருதுவான உலோகம். இன்ஜெக்டரை இறுக்கும்போது நசுங்கி, அது உட்கார்ற இடமான சீட்டோட மேடு பள்ளத்துக்கு ஏத்தபடி உட்கார்ந்து அடைச்சுக்கும். அந்த நசுங்கல் ஒரு தடவைக்குத்தான். எடுத்துத் திரும்பப் போட்டா பழைய தடம் புதுத் தடத்தோட பொருந்தாது. மயிரிழை வழி கிடைச்சா போதும், வெடிப்பு நடக்கற ஒவ்வொரு தடவையும் கேஸ் அந்த வழியில பிச்சுக்கிட்டு வரும். அதுதான் டிக். அந்தப் புகை ஹீட்டர் வழியா உள்ளே போறதுதான் அம்மா சொன்ன நாத்தம். அம்மா முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாங்க, நாமதான் கேக்கலை. இது எக்ஸாஸ்ட் புகை, கார்பன் மோனாக்சைடும் இருக்கும். சரி பண்ற வரைக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சே ஓட்டுங்க.

எந்த சிலிண்டர்னு வீட்டுலயே பார்க்கலாம். மேல் கவரை எடுத்துட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் அடியிலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. லீக் ஆகிற இடத்துல தார் ஊத்தின மாதிரி கருப்பா இறுகியிருக்கும். சோப்புத் தண்ணியைச் சுத்தி ரெண்டு சொட்டு விட்டு ஐடில்ல விட்டா டிக்குக்கு ஒரு குமிழ் வரும். நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனியை இன்ஜெக்டர் பக்கத்துல வச்சு கைப்பிடியைக் காதுல ஒட்டிக் கேட்டாலும் தெரியும். காலைக் குளிருக்கு சால்வை, மஃப்ளர் போட்டுக்கிட்டு பானெட்டுக்குள்ள குனியாதீங்க, பெல்ட் இழுத்துடும்.

ஒரு விஷயம் கண்டிப்பாச் சொல்றேன். ஓடற இன்ஜின்ல இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழைய வழக்கம் இதுல கூடவே கூடாது. பழைய டீசலுக்கு அது சரி. நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்லயிருந்து டீசல் போற காமன் ரெயில்ல, பிரஷர் பாரம் ஏறும்போது 1,000 பாரைத் தாண்டும். அந்த டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வந்தவங்க உண்டு.

அரவேனு_டீசல்

மூணாவது இன்ஜெக்டர். மத்த மூணும் தூசியோட சாம்பல் நிறமா இருக்கு. மூணாவதைச் சுத்திக் கருப்பா, பளபளன்னு, ஆறின வெல்லப் பாகு மாதிரி இறுகியிருக்கு. நகத்தால கீறினா வரலை. சோப்புத் தண்ணி விட்டேன், டிக்குக்கு ஒண்ணுன்னு சின்னச் சின்னக் குமிழ்.

லவ்டேல்_ஓய்வு

மிக நன்று. இனி அவசரம் வேண்டாம், ஆனால் தாமதமும் வேண்டாம். அந்தக் கரி இறுக இறுக இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இன்ஜெக்டரை எடுப்பதற்காகவே ஹெட்டைக் கழட்ட நேரிடும்.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

அதேதான். யார்கிட்டக் கொடுத்தாலும் இதைக் கேட்டுக் கொடுங்க. முதல் நாள் சாயங்காலமே கரி மேல துருநீக்கி எண்ணெய் விட்டு ராத்திரி ஊற விடணும். நெம்பக் கூடாது, இடமும் வலமுமா கொஞ்சம் கொஞ்சமா திருப்பித்தான் எடுக்கணும். பைப்பைக் கழட்டின உடனே ரெண்டு வாயையும் மூடணும், உள்ளே தூசி போச்சுன்னா வேற செலவு. வெளியே எடுத்ததும் உள்ளே சீட்டைக் கட்டர் வச்சு சுத்தம் பண்ணணும், அப்போ கரி சிலிண்டருக்குள்ள விழாம ஓட்டையை அடைச்சுக்கணும். அந்தச் சுத்தம்தான் வேலையே. அழுக்கு சீட்டுல புது வாஷர் போட்டா மூணே மாசத்துல திரும்ப வருவீங்க. நாலுக்கும் புது வாஷர். ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு வாஷர் போடறவங்க இருக்காங்க, விடாதீங்க, நாசில் (டீசல் தெளிக்கிற நுனி) உயரம் மாறி டீசல் தப்பான இடத்துல தெளிக்கும். இன்ஜெக்டரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்டை டார்க் ரெஞ்ச்சுல (இறுக்கற பலத்தை அளந்து காட்டற ஸ்பேனர்), புத்தகத்து அளவுக்கு இறுக்கணும். எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டர்ல இருந்ததோ அங்கேயே திரும்பப் போகணும்.

அந்த 20டபிள்யூ-50யையும் இறக்கிடுங்க. புத்தகத்துல சொல்ற 5டபிள்யூ-30 போடுங்க, ஃபில்டரோட. நம்ம மலைக் குளிர்ல கெட்டி ஆயில் மேலே ஏறி டேப்பெட்டை நிரப்பறதுக்கே நேரம் எடுக்கும். காலைல மோசமானதா சொன்னீங்களே, அது தனிச் சத்தம்னு நினைக்கிறேன்.

அரவேனு_டீசல்

வேலை முடிஞ்சு பதினெட்டு நாள் ஆச்சு. உடனே எழுதலை, கொஞ்சம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதலாம்னு இருந்தேன். 1,100 கிலோமீட்டர் ஆயிடுச்சு.

ராத்திரி ஊற வச்சும் மூணாவது வர முக்கால் மணி நேரம் ஆச்சு. நான் பக்கத்துலயே நின்னேன். வாஷரை மண்ணெண்ணெயில கழுவி என் உள்ளங்கையில வச்சாங்க. நகம் அளவு வளையம். ஒரு பக்கம் செம்பு நிறம் அப்படியே இருக்கு, ஒரே ஒரு இடத்துல உள் ஓரத்துலயிருந்து வெளி ஓரம் வரைக்கும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பு. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குத்தான் 45,000 சொன்னாங்க.

வாஷர், சீட் சுத்தம், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 6,200. ஏற்றத்துல டிக் இல்ல, நாத்தம் இல்ல. நீங்க சொன்னது சரி, ரெண்டு சத்தம் ஒண்ணா இருந்திருக்கு. கெட்டி ஆயில் இருந்தப்போ காலைல இருபது நொடிக்கு மேல டேப்பெட்டும் தனியா அடிச்சிருக்கு. இப்போ ரெண்டு மூணு நொடி கேக்குது, அப்புறம் அடங்கிடுது.

மேட்டுப்பாளையம்_ஸ்பேனர்

ராத்திரி நின்ன வண்டிக்கு ரெண்டு மூணு நொடி இருக்கலாம், 2.34 லட்சம் ஓடினதுக்கு அது இயல்பு. பத்து நொடிக்கு மேல போனா ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துக்கலாம். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

குன்னூர்_ஆம்னி

அண்ணா, நேத்து காலைல ஸ்டார்ட் பண்ணாம கவரைக் கழட்டிப் பார்த்தோம். இன்லெட் மூணும் பரவாயில்லை. எக்ஸாஸ்ட்ல ரெண்டாவதுல ஃபீலர் கேஜோட மெல்லிசான தகடுகூட நுழையலை. புத்தக அளவுக்குத் தளர்த்தி வச்சிருக்கோம். நடுக்கம் பாதி குறைஞ்சிருக்கு, முழுசாப் போகலை. நாளைக்கு கம்ப்ரெஷன் பார்க்கிறாங்க. மூணு சிலிண்டர் அளவையும் இங்கேயே போடுறேன்.